உருத்திரபுரம் கடை ஐந்தரைக்குத் திறப்பது ஏன்

நான் எழுத வெளிக்கிடுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்கே தெரியும். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவள். அதற்குப் பிறகு என் கையால் எழுதியவை சாமான் பட்டியல், நேரப் புத்தகம், ஒரேயொரு விளக்கம், அவ்வளவுதான். பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு பேருக்கு முன்னால் நின்று சொல்லக் கேட்டிருந்தால் இதையும் சொல்லியிருக்க மாட்டேன். கடதாசி என் முகத்தைப் பார்க்காது என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர்கள் எங்கள் கிளிநொச்சிக் கடையில் இப்போது வேலை செய்யும் பிள்ளைகள். ஓய்வுபெற்ற பிறகும் நான் அங்கேதான் சாமான் வாங்குகிறேன். போன மாதம் போனபோது காசு வாங்கும் பிள்ளை கேட்டாள்.

"அன்ரி, எங்கட கடையள் எல்லாத்துக்கும் ஒரே நேரம் போடப்போகினமாம். வவுனியாவில ஒன்பது, இஞ்ச ஏழு, உருத்திரபுரத்தில ஐந்தரை எண்டு கிடக்கிறது கொம்பியூட்டருக்கு ஒத்து வரேல்லையாம். விடியக் காலமை ஐந்தரைக்குக் கடை திறக்கச் சொல்லி ஆர் போட்ட சட்டம் அது?"

"நான்தான்" என்றேன்.

அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். அன்ரி பகிடி விடுகிறா என்று நினைத்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் நான் பகிடி விட்டதை யாரும் கண்டதில்லை. உண்மைதான் என்று தெரிந்ததும், ஊழியர் மலருக்கு எழுதித் தாருங்கோ என்று பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் முதலாளியை எல்லோரும் ஹாஜியார் என்றே சொல்வோம். முல்லைத்தீவில் தகப்பன் காலத்தில் இருந்து கடை வைத்திருந்த முஸ்லிம் குடும்பம். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வடக்கில் இருந்து வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புத்தளம் போய், பிறகு வவுனியாவில் சின்னதாக ஒரு கடை தொடங்கி அதைப் பெரிதாக்கியவர். நான் அம்மாவோடு இடம்பெயர்ந்து வவுனியாவில் ஒரு வாடகை அறையில் இருந்த காலத்தில் அவரிடம் பொதி கட்டும் வேலைக்குச் சேர்ந்தேன். பொதி கட்டினேன், தராசில் நிறுத்தேன், பிறகு சாமான் அறைக்குப் பொறுப்பாக இருந்தேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

2002இல் சமாதான ஒப்பந்தம் வந்து வன்னிக்குப் போகும் பாதை திறந்தது. அடுத்த வருடத்துக்குள் ஹாஜியார் வன்னிக்குள்ளே மூன்று கடைகள் போட்டார்: கிளிநொச்சி, உருத்திரபுரம், புதுக்குடியிருப்பு. உருத்திரபுரம் எங்கள் ஊர். "உருத்திரபுரத்துக்குச் சத்தம் போடாத ஒரு ஆள் வேணும்" என்று ஹாஜியார் சொன்னாராம். அந்தப் பெரிய கடையில் சத்தம் போடாத ஆள் நான் ஒருத்திதான். அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தேன். எங்கள் காணியைத் துப்புரவாக்கி ஒரு கொட்டில் போட்டோம். "இனி என்னை ஒருத்தரும் இதால எழுப்பேலாது" என்றா அம்மா.

நாலு கடைக்கும் ஒரே ஒழுங்கு. ஒரே நீலப் பூச்சு, ஒரே மாதிரித் தராசு. வாசலில் ஒரே பலகை: "காலை 8 முதல் 12 வரை, மாலை 2 முதல் 6 வரை." நாலு பலகையையும் வவுனியாவில் ஒரே ஆள் ஒரே நாளில் எழுதினார்.

கடையைப் பூட்டுவதற்கும் ஒரு ஒழுங்கு இருந்தது. இரண்டு பூட்டு. ஒன்றின் திறப்பு என்னிடம், மற்றது தராசில் நிற்கும் இராசையா அண்ணையிடம். மாலையில் பூட்டிய பிறகு இரண்டு பூட்டையும் சேர்த்து ஒரு கடதாசித் துண்டைச் சுற்றி, கோதுமை மாப் பசையால் ஒட்டி, இரண்டு பேரும் கையெழுத்து வைப்போம். காலையில் அந்தத் துண்டைக் கிழித்து, நேரப் புத்தகத்தில் ஒட்டி, பக்கத்தில் திறந்த நேரத்தை எழுத வேண்டும். ஒரு நிமிடத்துக்குத் திறந்தாலும் துண்டு கிழியும். கிழிந்தால் புத்தகத்தில் ஏறும். இதை ஒரு நாளும் தப்ப விடாமல் செய்தேன். இராசையா அண்ணைக்குத்தான் இது பெரிய பகிடி.

"தங்கச்சி, என்ர கலியாணப் பதிவில கூட நான் ஒருக்கால்தான் கையெழுத்து வைச்சனான். இந்தப் பூட்டோட தினமும் கலியாணம்."

இந்த ஒழுங்கை எழுதியவர் எங்கள் மேற்பார்வையாளர் அருளம்பலம் சேர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மெலிந்த, உயர்ந்த மனிதர். கடைக்குள் வந்தால் கதிரையில் இருக்கமாட்டார். எங்கள் தேத்தண்ணீர் குடிக்கமாட்டார், தன் சுடுதண்ணீர்ப் போத்தலைக் கொண்டுவருவார். முதலில் வாசல்படியைப் பார்ப்பார், பிறகு பூட்டு, பிறகு தராசுத் தட்டை விரலால் துடைத்து விரலைப் பார்ப்பார். ஒருவரையும் ஏசமாட்டார். பிழை கண்டால் ஒரு தாளை எடுப்பார். அதற்குப் பெயர் அவதானிப்புத் தாள். மேல் பாதியில் அவர் கண்ட பிழை. கீழ்ப் பாதியில் "பொறுப்பாளர் விளக்கம்" என்று தலைப்புப் போட்டு ஆறு வரி வெறுமையாக விடப்பட்டிருக்கும். ஒரு பொறுப்பாளருக்கு மூன்று தாள் சேர்ந்தால் விடயம் ஹாஜியாரிடம் போகும். கை மணிக்கூட்டை முகம் உள்ளங்கைப் பக்கமாகத் தெரியும்படி கட்டியிருப்பார். நேரம் பார்க்கும்போது தன் கைநாடியைத் தானே பார்ப்பதுபோல இருக்கும்.

அவர் ஒவ்வொரு தடவையும் முதல் நாளே வவுனியாவில் இருந்து வந்து கிளிநொச்சிக் கடையில் தங்கி, காலையில் சைக்கிளில் உருத்திரபுரம் வருவார். முதல் தடவை வந்த அன்று நான் எட்டு மணிக்குப் போனபோது, காற்சட்டையில் சைக்கிள் கிளிப்போடு வாசலில் நின்றார். உள்ளங்கைப் பக்கம் திருப்பி நேரம் பார்த்தார். "அரை மணித்தியாலம் பிந்தித் திறந்தது" என்று எழுதினார்.

இப்போதைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. அந்தக் காலத்தில் எங்களிடம் இரண்டு நேரம் இருந்தது. தெற்கில் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னால் தள்ளியபோது, இயக்கத்தின் கையில் இருந்த வன்னி மாற்றவில்லை. அதனால் வவுனியாவில் எட்டு மணி என்றால் எங்களுக்கு ஏழரை. ஓமந்தைச் சோதனைச்சாவடியைத் தாண்டி வன்னிக்குள் வரும் எல்லோரும் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் பின்னால் தள்ளுவார்கள். கலியாண அழைப்பிதழிலும் "பழைய நேரம்" என்று போடுவார்கள். அருளம்பலம் சேர் தள்ளவில்லை. மறந்துவிட்டார் என்று நான் நினைத்தேன். சொல்ல வாய் வரவில்லை. விளக்கம் எழுதும் ஆறு வரியையும் வெறுமையாக விட்டுக் கீழே கையெழுத்து வைத்தேன்.

"ஏன் தங்கச்சி சொல்லேல்லை?" என்று இராசையா அண்ணை கேட்டார்.

"அவர் பெரியவர். எனக்கு முன்னால மணிக்கூட்டைத் திருப்பினா அவருக்கு வெக்கமாயிருக்கும்."

"அவருக்கு வெக்கம். உமக்கு வேலை போகப்போகுது."

இரண்டாவது தடவையும் அதேதான் நடந்தது. இரண்டாவது தாள். இந்த முறை அவர் போகும்போது வாசலில் நின்று சொன்னார். "தவமணி, முதலாளி இந்தக் கடையைப் பற்றி யோசிக்கிறார். ஆக்கள் வாறேல்லை. சிறுபோக அறுவடை முடிய மூடுறதெண்டுதான் கதை. நீரும் வவுனியாவுக்கே வரலாம், பொதி கட்டுற இடத்தில ஆள் தேவை."

ஆட்கள் வராதது உண்மை. எட்டு மணிக்குத் திறந்து பன்னிரண்டு வரை நானும் இராசையா அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்போம். கிளிநொச்சியில் மலிவு, அதுதான் அங்கே போகிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம். அன்று மாலை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. அவ முற்றத்தில் கத்தரிக் கன்று நட்டுக்கொண்டிருந்தா. இந்தக் கத்தரி காய்க்கும்போது நாங்கள் வவுனியாவில் அந்த வாடகை அறையில் இருப்போம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் விடியற்காலை வாய்க்காலில் முகம் கழுவப் போனேன். இருட்டு முழுதாக விலகவில்லை. மகேசக்கா மண்வெட்டியோடு வந்தா. நாலு ஏக்கர் தனியாகச் செய்கிறவ, வாயும் அதற்கேற்ற நீளம்.

"என்ன முதலாளியம்மா, எழும்பிட்டியளோ? நான் நினைச்சன் உங்கட கடை மாதிரி எட்டு மணிக்குத்தான் கண் முழிப்பியள் எண்டு."

நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த பதில் அதுதான்.

"சிரிக்காத பிள்ளை. இண்டைக்கு என்ர வயலுக்கு வாய்க்கால் தண்ணி முறை. புல்லுப் பிடுங்க ஆறு பேர் வருகினம். தேயிலை முடிஞ்சுது, சீனி முடிஞ்சுது. கடை இந்தா கிடக்கு, நான் எங்க போறது? நாங்கள் வயலுக்குப் போனாப் பிறகு திறக்கிறியள். நாங்கள் வெய்யிலுக்கு வீட்ட வந்து சமைக்கேக்க பூட்டுறியள். பொழுதுபட நாங்கள் வர நீங்கள் பூட்டிப்போட்டுக் கடதாசி ஒட்டுறியள். ஆருக்கடி கடை வைச்சிருக்கிறியள், காகத்துக்கோ?"

அவ போய்விட்டா. நான் வாய்க்கால் கட்டிலேயே நின்றேன். எங்கள் ஊர்தான். ஆனால் ஏழு வருடம் வவுனியாவில் இருந்ததில், ஊர் எந்த நேரத்தில் எங்கே நிற்கும் என்பது எனக்கு மறந்துபோயிருந்தது. ஊர் வயலில் நிற்கும்போது கடையைத் திறந்து வைத்திருந்தேன். ஊர் வீட்டில் நிற்கும்போது பூட்டி வைத்திருந்தேன். பலகையில் எழுதியது எழுதியபடி.

அன்றில் இருந்து இரண்டு கிழமை ஒரு வேலை செய்தேன். கடை பூட்டியிருக்கும் நேரங்களில் எதிர் வளவுக்குள் இருந்து, வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறவர்களை எழுதினேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பெயர், நேரம், கையில் என்ன இருந்தது. வெறும் போத்தல் என்றால் மண்ணெண்ணெய். மண்வெட்டி என்றால் தேயிலை, பணிஸ், சுருட்டு. விடியலில்தான் கூட்டம். அடுத்தது பன்னிரண்டு மணிக்குப் பூட்டின கையோடு, பெண்கள். மூன்றாவது பொழுதுபட. இரண்டு கிழமையில் என் தாள் முடிந்து, இராசையா அண்ணையின் வீட்டு நாட்காட்டியையும் வாங்கினேன்.

"நாங்கள் ஐந்தரைக்குத் திறப்பம்" என்று அவரிடம் சொன்னேன்.

"சேரைக் கேட்டனீரோ?"

"இல்லை."

"கேக்க மாட்டீர். கேக்கிறதுக்குக் கதைக்க வேணும். அதிலும் பாக்க வேலை போறது உமக்குச் சுகம்." கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "எனக்கு விடியிறதே எட்டு மணிக்குத்தான், தங்கச்சி."

ஆனால் வந்தார். முதல் நாள் சாரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு தராசில் நின்றார். ஐந்தரை முதல் எட்டரை வரை, பதினொன்று முதல் ஒன்றரை வரை, நாலரை முதல் ஏழு வரை. ஒரு நாளில் மூன்று தரம் துண்டு ஒட்டினோம், மூன்று தரம் கிழித்தோம், மூன்று நேரத்தையும் புத்தகத்தில் எழுதினேன். பலகையைத் தொடவில்லை. இரண்டாம் நாள் பத்துப் பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் இராசையா அண்ணைக்குக் கொட்டாவி விட நேரம் இல்லை.

ஒரு கிழமை போனது. அருளம்பலம் சேர் வந்தார். நேரப் புத்தகத்தைத் திறந்தார். பொய் எழுதியிருந்தால் தப்பியிருப்பேன், ஆனால் எனக்கு அது வராது. 5.30 என்று எழுதிய இடத்தில் விரலை வைத்தார்.

"இது என்ன?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஆரைக் கேட்டுத் திறந்தனீர்?"

இராசையா அண்ணை வாயைத் திறக்க, சேர் கையைக் காட்டி நிறுத்தினார். மூன்றாவது தாளை எடுத்தார். "நிர்வாகத்தின் அனுமதியின்றித் திறக்கும் நேரத்தை மாற்றியது." எழுத்து ஒவ்வொன்றும் அச்சு மாதிரி. தாளை என் பக்கம் திருப்பி, பேனையை மேலே வைத்தார். நான் கையெழுத்து இடத்தில் பேனையை வைத்தேன்.

"பொறும்" என்றார். "இது மூண்டாவது. இது முதலாளியிட்டப் போகுது. ஆறு வரி ஏன் விட்டிருக்கிறன்? அழகுக்கோ? நான் எழுதினது மேல. உம்மட பக்கத்தை நீர் எழுதும். நான் வெளியில நிக்கிறன்."

வெளியே போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் என்னைப் பார்க்காமல் நின்றபடியால்தான் எழுத முடிந்தது. இன்றைக்கும் அதற்காக அவருக்கு நன்றி சொல்கிறேன். எழுதியது இதுதான், எனக்கு மனப்பாடம்:

"ஹாஜியார் அவர்களுக்கு. கேட்காமல் திறந்தது என் பிழை. ஆனால் எட்டு மணிக்கு இந்த ஊரில் ஆள் இல்லை, எல்லோரும் வயலில். முதல் இரண்டு தாளிலும் நான் பிந்தவில்லை, சேரின் மணிக்கூடு வவுனியா நேரம். தயவுசெய்து ஒரு நாள் கிளிநொச்சியில் தங்கி, விடியற்காலைச் சுபஹ் தொழுதுவிட்டு நேரே இங்கே வாருங்கள். மணிக்கூடு பார்க்க வேண்டாம். பார்த்த பிறகு மூடச் சொன்னால் மூடுகிறேன். தவமணி."

ஆறு வரிக்கு மேல் போய் ஓரத்திலும் எழுத வேண்டி வந்தது. சேர் வாசித்தார். கையைத் திருப்பி மணிக்கூட்டைப் பார்த்தார். திரும்ப வாசித்தார்.

"எனக்குத் தெரியும் அரை மணித்தியாலம் வித்தியாசம் எண்டு. பலகை வவுனியாவில எழுதினது. அப்ப அது வவுனியா எட்டு மணிதானே? அது உமக்குத் தெரியும் எண்டு நான் நினைச்சன்."

"நீங்கள் மறந்திட்டியள் எண்டு நான் நினைச்சன், சேர்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை, சேர்."

இராசையா அண்ணை மூட்டைகளுக்குப் பின்னால் போய்விட்டார். தோள் குலுங்கியதை நான் கண்டேன். சேர் தாளை மடிக்காமல் கோப்பில் வைத்தார். "எனக்கு இதில உடன்பாடில்லை. ஆனா நீர் எழுதினதை ஒரு எழுத்தும் மாத்தாமல் குடுப்பன்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார்.

பத்து நாள் கழித்து ஹாஜியார் வந்தார். நாங்கள் துண்டைக் கிழித்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. வானை வாசலுக்கு நேரே நிறுத்தி இறங்கினார். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு, தொப்பி. பின்னால் அருளம்பலம் சேர் கோப்போடு. ஹாஜியார் ஸலாம் சொல்வது மாதிரித் தலையை அசைத்தார்.

"என்ன மகள், தொழுதிட்டு வரச் சொன்னீங்க. வந்திட்டன். ஆக்கள் எங்க?"

ஆட்கள் இல்லை.

ஒருவர்கூட இல்லை. அந்த இரண்டு கிழமையும் இந்த நேரத்துக்கு வாசலில் சைக்கிள் நிறுத்த இடம் இருக்காது. அன்று தெரு வெறுமையாகக் கிடந்தது. ஹாஜியார் கதிரையில் இருந்தார். சேர் நின்றார். இராசையா அண்ணை சுத்தமாக இருந்த தராசுத் தட்டைத் திரும்பவும் துடைத்தார். தண்ணீர் முறை மாறிவிட்டதா, யாராவது செத்துப்போனார்களா என்று என் மனம் எங்கெல்லாமோ ஓடியது. அம்மாவின் கத்தரிக் கன்றுகள் கண்ணுக்குள் வந்தன.

ஹாஜியார் நேரத்தைக் கேட்கவில்லை. நான் மணிக்கூடு பார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தேன். அதனால் அவர் பார்க்காமலே இருந்தார். அது எனக்கு இன்னும் கூடுதலாக வலித்தது.

தண்ணீர் எடுக்கிற சாட்டில் வாசலுக்கு வந்தேன். அப்போதுதான் கண்டேன். தெரு திரும்புகிற இடத்துப் புளியமரத்துக்குக் கீழே சைக்கிள்களைப் பிடித்துக்கொண்டு கும்பலாக ஆட்கள். மண்வெட்டிகள், ஓலை உமல்கள், வெறும் போத்தல்கள். நடுவில் மகேசக்காவின் சிவப்புச் சீலை. எனக்கு உடனே விளங்கிவிட்டது. எங்கள் ஊர்ச் சனம் அப்படித்தான். வாசலில் வான் நிற்கிறது, வெள்ளை உடுத்த பெரிய மனிதர் கதிரையில் இருக்கிறார், பக்கத்தில் ஒருவர் கோப்போடு. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, சேற்றுக் காலோடு பெரிய மனிதருக்கு முன்னால் போய் ஒரு கட்டுச் சுருட்டுக் கேட்பது மரியாதை இல்லை. அவர்கள் போகும்வரை பொறுப்போம் என்று நிற்கிறார்கள். ஹாஜியாருக்குக் கொடுக்கிற அந்த மரியாதைதான் என் கடையை மூடப்போகிறது.

இராசையா அண்ணையை அனுப்பலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் தராசுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். உள்ளே போய் ஹாஜியாரிடம் விளங்கப்படுத்தலாம் என்றும் நினைத்தேன். அதற்கும் கதைக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் தேவாரம் பாட எழுப்பினால் அழுகிறவள் நான். கலியாண வீடுகளில் குசினிக்குள்ளேயே நின்றுவிட்டு வருகிறவள். நடுத்தெருவுக்குப் போனேன். இரண்டு கையையும் தூக்கினேன்.

"மகேசக்கா! வாங்கோ! எல்லாரும் வாங்கோ! கடை திறந்துதான் கிடக்கு! ஏன் அங்க நிக்கிறியள்?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. எங்கோ ஒரு நாய் குரைத்தது. புளியமரத்தடி ஒருமுறை அசைந்து அப்படியே நின்றது.

"சேத்துக் காலோட வாறதோ பிள்ளை?" என்று ஒரு ஆண் குரல் கேட்டது.

"சேத்துக் காலோடதான் வேணும்! தண்ணி வந்திட்டுதெல்லே, கெதியா வாங்கோ!"

"அடியாத்தை!" என்றா மகேசக்கா. அந்தச் சத்தம் கடைக்குள்ளேயும் கேட்டிருக்கும். "இவவுக்கு வாய் இருக்கெடி!"

சிரிப்போடு எல்லோரும் வந்தார்கள். சைக்கிள்கள் வானைச் சுற்றி நின்றன. மகேசக்கா முதலில் படியேறி, ஹாஜியாரை மேலும் கீழும் பார்த்தா. "நீங்களோ முதலாளி? கடையை மூட வந்தனீங்களோ, சாமான் விக்க வந்தனீங்களோ?"

"சாமான் விக்க" என்றார் ஹாஜியார்.

"அப்ப எழும்புங்கோ. தேயிலை இருநூறு, சீனி ஒரு கிலோ, பணிஸ் எட்டு."

அவர் எழும்பினார். சேட்டுக் கையை முழங்கைக்கு மேல் மடித்தார். பழைய கடதாசியை ஒரு சுற்றில் சுருளாக்கி, சீனியை அள்ளி, நுனியை மடித்துச் செருகினார். பார்க்காமலே செய்தார். எங்களில் ஒருவருக்கும் அந்த வேகம் இல்லை. இராசையா அண்ணை தராசை விட்டு ஒதுங்கி நின்றார். நான் எடுத்துக் கொடுக்க, ஹாஜியார் நிறுக்க, அருளம்பலம் சேர் வாசலில் நின்று தாளில் கோடு கீறி எண்ணினார். ஒவ்வொரு ஐந்துக்கும் ஒரு குறுக்குக் கோடு.

ஒரு வயதான கமக்காரர் சுருட்டு வாங்கும்போது ஹாஜியார் கேட்டார்: "எத்தனை மணிக்கு வயலுக்குப் போவீங்க?"

"மணியோ? தண்ணி வாற நேரத்துக்கு."

ஹாஜியாரின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு சேரைக் கூப்பிட்டார்.

"அருளம்பலம், முல்லைத்தீவில வாப்பா கடை வைச்சிருக்கக்குள்ள பலகையே இல்லை. கரைவலை கரைக்கு வந்தாத் திறப்பார். வலை வைச்சிருக்கிற சம்மாட்டிமார் சாப்பிடப் போனாப் பூட்டுவார். நானும் நாப்பது வயசு மட்டும் அப்பிடித்தான் செய்தனான். வவுனியாவுக்கு வந்து பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால கடை போட்டு, இதெல்லாம் எப்பிடி எனக்கு மறந்தது?"

சேர் தாளில் கீறிய கோடுகளைக் கூட்டினார். "நாற்பத்து மூண்டு பேர்" என்றார்.

"இந்தப் பலகையை அழியுங்க."

"அழிச்சுப்போட்டு என்ன எழுதுறது?"

"என்னட்ட ஏன் கேக்கிறீங்க? அவவைக் கேளுங்க."

அருளம்பலம் சேர் என் பக்கம் திரும்பினார். பேனையைத் திறந்தார். "சொல்லும்" என்றார். நான் சொன்னேன். நிலத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டே விரலில் கூட்டிப் பார்த்தார். மூன்று, இரண்டரை, இரண்டரை. "எட்டு மணித்தியாலம். குறையேல்லை" என்றார். அவர் வாயால் நான் கேட்ட பெரிய பாராட்டு அதுதான். கடைசி வரியாக, கேட்காமலே, "இவ்விடத்து நேரம்" என்று சேர்த்தார்.

அதற்குப் பிறகு சேர் மற்றக் கடைகளுக்கும் இதே வேலையைக் கொடுத்தார். இரண்டு கிழமை, வந்து திரும்பியவர்களை எழுதுங்கள் என்று தாள் அச்சடித்துக் கொடுத்தார், மேலே தலைப்போடு. புதுக்குடியிருப்பில் ரியூசன் விட்டுப் பிள்ளைகள் வரும் நேரத்துக்குக் கடை பூட்டியிருந்தது தெரிந்தது. அங்கே மாலை நீண்டது. கிளிநொச்சியில் முதல் பஸ்ஸுக்கு வருகிறவர்களுக்காக ஏழு மணி. வவுனியாவில் ஒன்பது வரை தெருவில் ஒருவரும் சாமான் வாங்குவதில்லை. அங்கே ஒரு மணித்தியாலம் பிந்தித் திறந்தார்கள், அங்கே வேலை செய்தவர்கள் எனக்கு வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். ஒரு ஊரில் சனம் எப்போது வீட்டில் நிற்கும் என்பதைக் கடை தீர்மானிக்க முடியாது.

சேர் அடுத்த முறை வந்தபோது இரண்டு கையிலும் மணிக்கூடு கட்டியிருந்தார். இடதில் வவுனியா, வலதில் நாங்கள். 2006இல் இரண்டு நேரமும் ஒன்றாகும்வரை அப்படியே கட்டினார். ஒருவரும் பகிடி விடவில்லை, இராசையா அண்ணையைத் தவிர.

உருத்திரபுரம் கடை மூடப்படவில்லை. கத்தரி காய்த்தது. 2008இன் கடைசியில் யுத்தம் நெருங்க, ஊரோடு நாங்களும் கடையை விட்டு வெளிக்கிட்டோம். அந்த நாட்களைப் பற்றி எழுதும் பலம் எனக்கு இல்லை, இந்த மலர் அதற்கான இடமும் இல்லை. திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றது. ஹாஜியார் கூரை போட்டுத் தந்தார். பலகை எழுதுகிறவர் என்ன நேரம் போடுவது என்று கேட்டபோது, ஹாஜியார் என்னைக் காட்டினார். பழைய நேரத்தையே சொன்னேன். அதுதான் இன்றைக்கும் அங்கே தொங்குகிறது. கொம்பியூட்டருக்கு ஒத்து வராவிட்டால், கொம்பியூட்டரை ஒரு நாள் விடியப்புறம் அங்கே கூட்டிக்கொண்டு போங்கள்.

ஹாஜியார் வந்து போன நாளுக்கு அடுத்த நாள், நாங்கள் ஐந்தரைக்குத் துண்டைக் கிழித்துத் திறந்தோம். பணிஸ் ஆறு மணிக்கே முடிந்துவிட்டது. மகேசக்கா பிந்தி வந்து ஏசிவிட்டு, பிஸ்கட் வாங்கிக்கொண்டு போனா.